சாவி யார்கிட்ட?

கடலூரில், எங்கள் நகரில் காலியாகக் கிடந்த பூங்கா மனையைச் சீர்செய்வது என்று குடியிருப்போர் நலச்சங்கத்தில் முடிவானதும் ஆளுக்கொரு பட்டியலை நீட்டினார்கள். செயற்கை நீரூற்று. டைனோசர் பொம்மை. ஓப்பன் ஜிம். ‘ஐ லவ்’ என்று பெரிய எழுத்தில் ஊர்ப்பேர் போட்டு, முன்னால் நின்று செல்ஃபி எடுக்க ஒரு பலகை. பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள் என்பதால் என்னையும் கமிட்டியில் சேர்த்திருந்தார்கள். நான் கேட்டது ஒன்றுதான். “காலையில யாரு தொறப்பாங்க? ராத்திரி யாரு பூட்டுவாங்க?”

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் டீச்சர்” என்றார் செயலாளர்.

அப்படி அப்புறம் பார்த்துக்கொள்ள விட்ட பூங்காக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்டில் பூட்டு தொங்கும், சாவி யாரோ ஒருவர் வீட்டு ஆணியில் தொங்கும், அவர் கல்யாணத்துக்குத் திருவண்ணாமலை போயிருப்பார். பிள்ளைகள் சுவரேறிக் குதிப்பார்கள். வயசானவர்கள் திரும்பிப் போவார்கள்.

அதனால் வரைபடம் போடும் முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். எந்த நேரத்தில் யார் அந்தப் பக்கம் வருகிறார்கள் என்று குறித்தேன். விடிவதற்கு முன்னால் பெண்கள், ஜோடி ஜோடியாக, ரோட்டிலேயே நடக்கிறார்கள். பால்வண்டி வந்தால் ஒதுங்குகிறார்கள். எட்டு மணிக்கு மேல் ஈ காக்கை கிடையாது. மூன்று மணிக்குக் கடற்காத்து திரும்பியதும் ரிடையர்டு ஆண்கள் வருகிறார்கள், உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. நாலரைக்குச் சின்னப் பிள்ளைகள். ஐந்து மணிக்கு அவர்களில் பாதிப் பேர் டியூஷனுக்குப் போய்விடுகிறார்கள். லீவு நாளில் பையன்கள் ஸ்டம்புக்குப் பதில் மூன்று செங்கல்லை அடுக்கி முழு இடத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆறாம் வகுப்பு வரை தென்படும் பெண் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் ஒருத்திகூட இல்லை. வயசுக்கு வந்த பிறகு அவர்கள் ஓடி நான் பார்த்த இடம் பள்ளிக்கூட மைதானம் ஒன்றுதான். அது எனக்குப் பணியில் இருந்தபோதே தெரியும். தெருவில் உட்கார்ந்து பார்த்தபோது வேறு மாதிரி உறைத்தது.

“வெளையாடணும்னா அண்ணா ஸ்டேடியம் இருக்கு, காத்து வாங்கணும்னா சில்வர் பீச் இருக்கு, எதுக்கு இந்தச் செலவு?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கார் வைத்திருப்பவர் பேச்சு அது. முட்டிவலிக்காரப் பாட்டி தேவனாம்பட்டினத்துக்கு ஆட்டோ பிடித்துப் போய் நடப்பாரா? இதைவிடப் பெரிய தொல்லை, காலி இடத்தைக் கண்டதும் கை அரிப்பவர்கள். ஒருவருக்கு மூலையில் சின்னதாக ஒரு பிள்ளையார், இன்னொருவருக்கு நாலு கார் நிறுத்த ஷெட். இதற்கு மட்டும் நான் சட்டம் படித்துக்கொண்டு போனேன். தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். சங்கத்துக்கு அதில் பராமரிக்கும் வேலை உண்டு, பங்கு போடும் உரிமை கிடையாது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரிக்கே இல்லையாம், உங்கள் காருக்கா? பிள்ளையார் கேட்டவரும் அதோடு உட்கார்ந்துவிட்டார்.

ஓப்பன் ஜிம்மை நான் எதிர்த்தேன், தோற்றேன். ஒரு கான்ட்ராக்டர் வந்து பளபளவென்று மாட்டிவிட்டுப் போனார். எங்கள் ஊர் உப்புக்காத்துக்கு இரும்பு என்றால் அல்வா. அடுத்த மழைக்காலம் தாண்டியதும் பெயின்ட் கொப்பளித்தது, நடைமிஷினின் பேரிங் இறுகியது, இப்போது அதில் வாட்ச்மேன் துண்டு காய்கிறது. கடலோரத்தில் வாங்கியே தீரவேண்டும் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 ரகம் கேளுங்கள். சாதாரணமாகத் தருகிற 304-இல் இல்லாத மாலிப்டினம் அதில் கலந்திருக்கிறது, உப்பை அதிகம் தாங்கும். விலை ஒத்துவராவிட்டால் ஹாட் டிப் கால்வனைஸ் செய்த, அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு. எதுவானாலும் கிரீஸ் போடுவதும் உதிரி பாகம் தருவதும் யார் பொறுப்பு என்று பில்லோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மரத்துக்கு அவ்வளவு சண்டை இல்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையேறிய காலையைப் பார்த்தவர்கள் நாங்கள். சட்டென்று முறியும் மயில்கொன்றை வேண்டாம், புன்னையும் பூவரசும் புங்கனும் போதும் என்று ஒரே பேச்சில் முடிந்தது. ஊஞ்சலுக்கு மட்டும் இடம் அளந்து விட்டேன். சங்கிலி தொங்கும் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு முன்னாலும் பின்னாலும் வெறும் மணலாக இருக்க வேண்டும். அந்த இடத்தில்தான் பெஞ்ச் போடுவேன் என்று நின்ற மேஸ்திரியிடம் விசில் ஊதாத குறை.

நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது இரண்டு கம்பமும் ஒரு வலையும். டென்னிகாய்ட், அரசுப் பள்ளிப் பாஷையில் வளையப்பந்து. 12.2 மீட்டர் நீளம், 5.5 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரத்தில் வலை. ஆட்டக்காரர்களுக்கு ஒரே ஒரு ரப்பர் வளையம். ஷூ வேண்டாம், மட்டை வேண்டாம், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டும் ஆடலாம். வளையத்தை ஒரு கையால் பிடித்து, நிறுத்தாமல் அதே கையால் அனுப்ப வேண்டும். கீழ்நோக்கிக் குத்தக் கூடாது. அதனால் பலத்தைவிட மணிக்கட்டுக்குத்தான் வேலை. முதல் நாள் மாலை நான் மட்டும் வலைக்கு இந்தப் பக்கம் நின்று வளையத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தேன். மாவு மில்லுக்குப் போய் வந்த ஒரு அம்மா, தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, “நான் டிஸ்ட்ரிக்ட் லெவல் ஆடியிருக்கேங்க” என்று அந்தப் பக்கம் போய் நின்றார். நாற்பத்தைந்து வயசிருக்கும். நான் போட்ட வளையத்தை உடம்பைத் திருப்பாமல் இடது கையால் பிடித்தார். அது திரும்பி வந்தது, ஆடாமல் அசையாமல், தரைக்கு மட்டமாகப் படுத்த மாதிரி, வலைக்கு ஒரு விரற்கடை மேலே. நான் தொடவே இல்லை. அடுத்த வாரம் அவர் தன் பெண்ணையும் கூட்டி வந்தார், பதினோராம் வகுப்பு. அம்மா ஆடுகிற இடம் என்பதால் வீட்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. பெண் பிள்ளைகளை வரவழைக்க அவர்களின் அம்மாக்களைத்தான் முதலில் களத்தில் இறக்க வேண்டும் என்று எந்தத் திட்டக் கையேட்டிலும் நான் படித்ததில்லை.

அந்தக் கோர்ட்டுக்கு மாலை ஆறரை முதல் எட்டு வரை பெண்கள் மட்டும். டியூஷன் முடிகிற நேரம், அதனால்தான் அந்த நேரம். மேலே ஒரு எல்.இ.டி. விளக்கு, மொத்தச் செலவில் உருப்படியானது அதுதான் என்பேன். கிரிக்கெட் பையன்களோடு தனி ஒப்பந்தம்: லீவு நாளில் காலை பத்து வரை, டென்னிஸ் பந்து மட்டும், வீட்டுக்குள் அடித்தால் அவுட். கடைசி விதி அவர்கள் தெருவில் ஏற்கெனவே வைத்திருந்ததுதான், நாங்கள் எழுதி மட்டும் ஒட்டினோம். அக்னி நட்சத்திரத்தில் எல்லாமே காலை எட்டோடு சரி. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் என்பதால் கேரம், செஸ் என்று சங்கக் கட்டடத்துக்கு மாறிவிடுவோம்.

சாவி விஷயத்துக்கு வருகிறேன். கேட்டுக்குப் பக்கத்தில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணனிடம் கொடுத்தோம். விடியற்காலை கரி மூட்ட வருபவர், ராத்திரி ஒன்பதுக்குத்தான் கிளம்புவார். சங்கம் மாதாமாதம் அவருக்கு ஒரு தொகை தருகிறது. வாட்ச்மேன் லீவு போட்டாலும் கேட் திறந்திருக்கிறது. பெஞ்ச்சில் புதுமுகம் யாராவது ரொம்ப நேரம் உட்கார்ந்தால் பெட்டியைத் தேய்த்தபடியே, “எந்த வீட்டுக்கு வந்தீங்க?” என்று அவரே கேட்டுவிடுகிறார்.

பாக்கி இருப்பது கழிப்பறை. அது இல்லாததால் சர்க்கரைக்காரர்கள் நாலு சுற்றோடு வீட்டுக்கு ஓடுகிறார்கள், பெண்கள் வீட்டிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வருகிறார்கள். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். அந்த ஒரு பங்கைத் திரட்ட ரசீதுப் புத்தகம் அடித்தாகிவிட்டது, அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் மனுவும் கொடுக்கிறோம். ‘ஐ லவ்’ பலகைக்குப் பணம் தருவதாகச் சொன்னவரிடம் அதே தொகையைக் கழிப்பறைக்குக் கேட்டிருக்கிறேன். தன் பேரைக் கல்வெட்டில் போடுவோமா என்று விசாரிக்கிறார். எங்கே போடுவது என்று தெரியாமல் கமிட்டி முழிக்கிறது.