கைரளி படிக்கட்டில் நான்கு நாட்கள்

திரைப்பட விழாவுக்காகத் திருவனந்தபுரம் போன அன்று, தம்பானூரிலிருந்து வழுதக்காடு தாகூர் தியேட்டருக்கு ஆட்டோவில் 150 ரூபாய் கொடுத்தேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. கேரளத்தில் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 15 என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? தோளில் பை, நனைந்த சட்டை, வாயைத் திறந்தால் திருநெல்வேலி. அவர் என் முகத்தைப் பார்த்துத் தொகையைச் சொல்லிவிட்டார். மீட்டர் பக்கம் கையே போகவில்லை. மறுநாள் இன்னொருவர் அதே தூரத்துக்கு மீட்டர் போட்டு ஐம்பது சொச்சம்தான் வாங்கினார். அவருக்கு நான் சொன்ன நன்றியில் முந்தைய நாள் ஆளுக்குச் சொல்ல வேண்டிய திட்டும் சேர்ந்திருந்தது.

நனைந்ததற்குக் காரணம் பேருந்து. நாகர்கோவிலில் ஏறியது, எந்தப் பேருந்து என்று கேட்காதீர்கள். 2024 டிசம்பர் 13, தென் மாவட்டங்கள் முழுக்கக் கொட்டுகிற மழை. என் ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. மார்த்தாண்டம் தாண்டியதும் கூரையிலிருந்தும் சொட்டத் தொடங்கியது. “அந்தப் பக்கம் தள்ளி உட்காருங்க சார்” என்றார் நடத்துநர். தள்ளினேன், அந்தப் பக்கமும் சொட்டியது. களியக்காவிளையில் வண்டி நின்றது நின்றதுதான். அதற்குள் அம்மாவின் போன்: “வாசல்ல தண்ணி நிக்கி, நீ படம் பாக்கப் போறியோ?” என்ன பதில் சொல்ல?

அன்று மாலை நிசாகந்தி திறந்தவெளி அரங்கில் தொடக்கப் படம். வால்டர் சாலஸின் பிரேசில் படம். ஊரிலிருந்து கிளம்பும்போதே அதைத்தான் கணக்குப் போட்டிருந்தேன். நான் தம்பானூரில் இறங்கியபோது அது முடிந்திருக்கும்.

சரி, விழாவுக்கு வருகிறேன். இது கேரள சர்வதேசத் திரைப்பட விழா, 2024இல் நடந்தது 29ஆவது. 1996இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. இப்போது கேரள மாநில சலச்சித்ர அகாடமி டிசம்பர்தோறும் திருவனந்தபுரத்தில் நடத்துகிறது. டெலிகேட் பாஸ் அப்போது வரியோடு 1,180 ரூபாய். எட்டு நாள் விழாவில் நான் இருந்தது நான்கு நாள்தான், ஆகவே பாதிக் காசு வீண் என்று முதல் நாள் கணக்குப் போட்டேன். இரண்டாம் நாளே அந்தக் கணக்கை விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு நான்கு படம் பார்த்தால் படத்துக்கு 75 ரூபாய்கூட வராது. லாட்ஜ்தான் இடித்தது: ஒரு ராத்திரிக்கு 900, சுடுதண்ணீர் கிடையாது, கொசு தாராளம்.

போகிறவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு ஆப்பில் மறுநாள் படங்களுக்கு ரிசர்வேஷன் திறக்கும். எட்டு மணி ஐந்து நிமிஷம் என்றால் நல்ல படங்கள் போய்விட்டன என்று அர்த்தம். மூன்று நாளும் எட்டு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது பல் துலக்குவதை நிறுத்திவிட்டு, வாயில் நுரையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிடைக்காவிட்டால் ரிசர்வ் இல்லாத வரிசை. அந்த வரிசையில் நிற்பதே இந்த விழாவில் தனி அனுபவம். கைரளி, ஸ்ரீ, நிளா மூன்று தியேட்டர்களும் ஒரே வளாகம். அங்குள்ள படிக்கட்டில் உட்கார்ந்தால் படம் பார்த்து வருகிறவர்கள் கதையைச் சொல்லாமலே தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள். உதட்டைப் பிதுக்கினால் போகாதே. ஒன்றும் பேசாமல் வந்து உட்கார்ந்தால் கட்டாயம் போ. டீ வாங்கப் போன இடத்தில், மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டை விசாரித்த ஹேமா குழு அறிக்கையைப் பற்றி அரை மணி நேரச் சண்டை. நாலரை வருடம் பூட்டி வைத்து ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை. யார் பக்கம் நியாயம் என்று ஒரு சின்னப் பையன் மூத்தவர்களிடம் விரலை நீட்டிப் பேசுகிறான், அவர்களும் பதில் சொல்கிறார்கள். நம் ஊரில் அந்த வயதில் எங்களை டீ வாங்கி வரச் சொல்வார்கள்.

படங்களில் ஒன்றைத்தான் விரிவாகச் சொல்ல முடியும். அந்த வருடம் வாழ்நாள் சாதனையாளர் விருது ஹாங்காங் இயக்குநர் ஆன் ஹுய்க்கு, அவர் படங்களுக்குத் தனிப் பிரிவும் இருந்தது. அதில் ‘எ சிம்பிள் லைஃப்’ பார்த்தேன். 2011இல் வந்தது. ஒரு குடும்பத்தில் அறுபது வருடம் வேலை பார்த்த பெண்ணுக்குப் பக்கவாதம் வருகிறது. இத்தனை நாள் அவள் சமைத்துப் போட்டுச் சாப்பிட்டவன் (நடித்தவர் ஆண்டி லாவ்) இப்போது அவளை முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பார்த்து வருகிறான். அவ்வளவுதான் கதை. அவனுக்கு மாட்டு நாக்கு சாப்பிட ஆசை. இதய நோய்க்காரன் என்பதால் அவள் சமைத்துத் தரமாட்டேன் என்கிறாள், அவன் விடாமல் கேட்கிறான். அந்த இடத்தில் அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. எங்கள் வீட்டில் முப்பது வருடம் பாத்திரம் தேய்த்த ஆச்சி கடைசியில் யார் வீட்டில் இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். “இப்ப என்ன திடீர்னு?” என்றாள். வீட்டுத் தண்ணீர் வடிந்துவிட்டதாம்.

ஆர்மீனியப் படங்களுக்கும் ஒரு பிரிவு. ஒன்றுக்குப் போய் இருபது நிமிஷத்தில் தூங்கிவிட்டேன். படத்தின் குற்றமில்லை, அது அன்றைக்கு நாலாவது.

விழா இலச்சினையில் இருப்பது தோல்பாவைக்கூத்துப் பாவை, இலங்காலட்சுமி. வரைந்தவர் இயக்குநர் ஜி. அரவிந்தன். பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் நடக்கும் இந்தக் கூத்தில் பாடுவது கம்பராமாயணப் பாட்டு. நகரம் முழுக்கப் பலகைகளில் நின்றுகொண்டிருப்பவள், கம்பன் பாட்டில் அனுமனிடம் அடி வாங்கிய இலங்கையின் காவல்காரி. பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவனிடம் சொன்னேன். “அண்ணன் ப்ரொஃபஸரா?” என்றான். மின்வாரிய குமாஸ்தா என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

மாலையில் தாகூர் வளாகத்தில் ஓப்பன் ஃபோரம். நான் போன அன்று சின்னப் படங்களுக்குத் தியேட்டர் கிடைக்காதது பற்றிப் பேசினார்கள். வேட்டி கட்டிய ஒரு பெரியவர் மைக்கை வாங்கி ஏழு நிமிஷம் பேசினார், கேள்வி வரவேயில்லை. கடைசியில் மைக்கை நைசாகப் பிடுங்கினார்கள். அடுத்து ஒரு பெண் எழுந்து, “ஞங்ஙள் இது எவிடெ காணும்?” என்று மட்டும் கேட்டாள். மேடையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், கூட்டம் கைதட்டியது. விழா முடிந்தால் ஊரில் எங்கே பார்ப்பது? என் ஊர்க் கேள்வியும் அதுதான்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். தம்பானூர் பேருந்து நிலையம் பக்கத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். செங்கல் கோபுரம், உள்ளே தரை திருகு திருகாக ஏறிக்கொண்டே போகும். மேஜையும் இருக்கையும் சுவரோடு சேர்த்துக் கட்டியவை. சரிவில் உட்கார்ந்தால் காபி கவிழ்ந்துவிடுமோ என்று பயந்தேன், கவிழவில்லை. விசிறித் தலைப்பாகைக்காரர் கொண்டுவந்து வைத்த மசால் தோசையைப் பிய்த்தால் உள்ளே ரத்தச் சிவப்பு. பீட்ரூட்! மசாலில் பீட்ரூட் போடுகிறவனை எங்கள் ஊரில் அடுப்படிக்குள்ளேயே விடமாட்டார்கள். கொஞ்சம் இனிப்பு, பிறகு மிளகு. முணுமுணுத்துக்கொண்டே தின்று முடித்து இன்னொன்று சொன்னேன். நாலு நாளில் வயிறும் பர்ஸும் ஒத்துக்கொண்ட ஒரே இடம்.

மூன்றாம் நாள் ‘மாலு’ என்று ஒரு பிரேசில் படத்துக்கு ரிசர்வேஷன் கிடைக்காமல் வரிசையில் நாற்பது நிமிஷம் நின்றேன். எனக்கு முன்னால் ஆறு பேர் இருக்கும்போது கதவை மூடிவிட்டார்கள். போனால் போகிறது, பெயர் தெரியாத படம்தானே என்று ஐஸ்கிரீம் வாங்கினேன். 17ஆம் தேதி ஊருக்கு வந்துவிட்டேன். 20ஆம் தேதி நிறைவு விழாவில் சிறந்த படத்துக்கான சுவர்ண சகோரம் விருது யாருக்கு என்று பார்த்தால் ‘மாலு’. இருபது லட்ச ரூபாய்ப் பரிசு. நிலவொளி குடிக்கிற சகோரப் பறவையை இந்த விருதின் ஆங்கிலப் பெயரில் செம்போத்தாக்கி வைத்திருப்பார்கள், அதைப் பார்த்துப் போன வாரம்தான் சிரித்தேன். இப்போது அது என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.