பாலம் தூக்கினால் பாம்பன் ஞாபகம்

"கேப்டன், கொஞ்சம் வேகமா வாங்க, கார்கள் நிற்குது." படகுகளுக்காகப் பாலத்தைத் தூக்கித் திறப்பவர் ரேடியோவில் சொன்னது என்னிடம்தான். சுக்கான் என் கையில், என் கணவரோ முன்பக்கம் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சூடாகிவிட்டது. எங்கள் பாய்மரப் படகின் முழு வேகமே ஐந்து நாட் தான், அதாவது மணிக்குச் சுமார் ஒன்பது கிலோமீட்டர், இதில் எங்கிருந்து கூட்டுவது?

வர்ஜீனியாவில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இந்தப் பழைய படகில் குடியேறியிருக்கிறோம். அமெரிக்கக் கிழக்குக் கரையோடு ஒட்டிப்போகும் உள்நீர் வழி இது. நார்ஃபோக்கில் மைல் 0, மயாமி வரை ஏறத்தாழ 1,090 மைல். ஆறு, காயல், வெட்டிய கால்வாய் எல்லாவற்றையும் கோத்துப் போட்டிருப்பதால் பெரும்பாலும் திறந்த கடலுக்குள் போகாமலே தெற்கே இறங்கிவிடலாம். குளிருக்குப் பயந்து இலையுதிர் காலத்தில் இப்படிக் கிளம்புகிறவர்கள் நிறைய. புறப்படும் நாளில் எலுமிச்சம்பழம் வைக்கச் சக்கரம் இல்லையே என்று இவர் வெகுநேரம் யோசித்தார், கடைசியில் மிளகாயோடு கோத்து முன்னால் கட்டினோம். மதுரைக்காரருக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் வண்டியூர் தெப்பக்குளம்தான், அவரைக் குறை சொல்ல முடியாது.

மற்றதெல்லாம் சமாளிக்கலாம். ஆல்பமார்ல் சவுண்ட் என்ற அகன்ற காயலில் ஆழம் குறைவு, காற்று கொஞ்சம் எழுந்தாலே குட்டைக் குட்டையாக அலை வந்து அடுப்பில் இருக்கும் சாம்பாரைத் தரையில் கொட்டிவிடும், அதற்கும் பழகிவிட்டேன். பாலங்கள்தான் பழகவில்லை. புதிதாகக் கட்டிய நிலையான பாலங்கள் பெரும்பாலும் 65 அடி உயரம், எங்கள் பாய்மரம் தட்டாமல் போய்விடும். திறக்கும் பாலம் என்றால் நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். கிரேட் பிரிட்ஜ் என்ற ஊரில் மணிக்கு ஒருமுறைதான் திறப்பார்கள். மணி அடிக்கும், தடுப்புக்கட்டை இறங்கும், தார்ச்சாலை அப்படியே இரண்டாகப் பிளந்து மேலே எழும். அத்தனை கார்களும் இரண்டு பேருக்காக நிற்கும். பெருமையாகவும் இருக்கிறது, ஓடிப்போய் ஒவ்வொரு கார்க்காரரிடமும் மன்னிப்புக் கேட்கலாம் போலவும் இருக்கிறது.

நான் பாம்பன்காரி. 1914-இல் கட்டிய தூக்குப் பாலம் எங்களுக்குத் திருவிழா மாதிரி. ஆட்கள் நின்று கையால் சுற்றச் சுற்ற இரும்பு இரண்டு பக்கமும் எழும்பும், விசைப்படகுகள் வரிசையாக நுழையும், நாங்கள் சாலைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டு கத்துவோம். அப்பா சுண்டல் பொட்டலம் வாங்கித் தருவார், காற்று பாதியைக் கொண்டுபோய்விடும். இப்போது புதுப் பாலம் வந்து 2025-இல் ரயிலும் ஓடத் தொடங்கிவிட்டது, நடுப்பகுதி லிஃப்ட் போல நேராக மேலே போகிறதாம். நான் இன்னும் பார்க்கவில்லை. இங்கே எத்தனை பாலம் திறந்தாலும் கைப்பிடிச் சுவரில் ஒரு பிள்ளையாவது நிற்கிறதா என்றுதான் கண் போகிறது. காருக்குள் போன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன்.

"இதைத் திறக்க எவ்வளவு கட்டணும்?"

"ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்."

"சும்மாவா? எதுக்கும் படகு பேப்பரெல்லாம் கையில வச்சுக்க. பின்னாடி வந்து கேப்பான்."