பாய்சன் ஐவி பட்டால் முதலில் சோப்பு

நியூ ஜெர்சியில் கோடை வந்தாலே எனக்கு இந்தக் கவலைதான். மூன்று மூன்றாக இலை, நடு இலைக்கு மட்டும் நீளக் காம்பு: அதுதான் பாய்சன் ஐவி என்ற நச்சுச் செடி. நம்ம ஊர் சேராங்கொட்டையின் குடும்பம். மகளின் கணுக்காலில் இலை உரசிய இடமெல்லாம் கோடு கோடாகக் கொப்புளம்.

பட்டதும், முடிந்தால் 10 நிமிடத்துக்குள், பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் துணியால் தேய்த்துக் கழுவுங்கள். நக இடுக்கை விடாதீர்கள். கொப்புளத்துக்குக் காரணமான, ‘உருஷியால்’ என்ற அதன் எண்ணெய் ஷூ லேஸிலும் நாய் முடியிலும்கூட ஒட்டியிருக்கும். அப்புறம் அதைத் தொட்டாலும் கொப்புளம் வரும். கொப்புள நீரால் பரவாது, பிள்ளையைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம். அரிப்புக்குக் காலமைன் லோஷன், ஈரத்துணி. முகம், கண் வீங்கினால் உடனே டாக்டர். செடியை எரிக்கவே கூடாது, புகை நுரையீரலைத் தாக்கும்.