எத்தனை பதிப்பு, எத்தனை நாள்: ஒரு பேக்கப் கொள்கையைத் திருத்தி எழுதிய அனுபவம்

கொழும்பில் குத்தகைக் கடன் வழங்கும் நிதி நிறுவனம் ஒன்றின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில், பேக்கப் சேர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. எங்கள் கோப்புச் சேர்வர்களுக்கான தக்கவைப்புக் கொள்கையை, அதாவது ஒரு கோப்பின் பழைய பதிப்புகளில் எத்தனையை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற விதிகளை, அடியோடு திருத்தி எழுதும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த வேலை எப்படி நடந்தது, எந்த இடங்களில் சிக்கியது என்பதை இங்கே எழுதுகிறேன். இதே பொறுப்பில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று உறுதியாக நம்புகிறேன்.

நிதியாண்டு மார்ச் 31 இல் முடிகிறது. அதன் பிறகு சில மாதங்களுக்கு வெளிக் கணக்காய்வாளர்கள் வந்து போவார்கள். அப்படியான ஒரு ஜூன் மாதத்தில், கணக்குப் பிரிவில் மூத்தவரான அக்கா ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, கடன் நட்ட ஒதுக்கீட்டு எக்செல் கோப்பு மார்ச் 31 ஆம் திகதி எப்படி இருந்ததோ அப்படியே எடுத்துத் தர ஏலுமா?” என்று கேட்டார். பேக்கப் ஒவ்வோர் இரவும் ஓடியிருந்தது. அறிக்கைகளில் ஒரு தவறுகூட இல்லை. ஆனால் அந்தத் திகதிக்குரிய பதிப்பு எங்கும் இருக்கவில்லை. பேக்கப் தோற்காமலே ஒரு கோப்பின் வரலாறு இல்லாமற்போக முடியும் என்பதை நிர்வாகம் அன்றுதான் கண்ணால் கண்டது. கொள்கையைத் திருத்தும் தீர்மானமும் அதன் பின்னரே எடுக்கப்பட்டது.

நாங்கள் பயன்படுத்துவது ஐபிஎம் நிறுவனத்தின் மென்பொருள். டிவோலி ஸ்டோரேஜ் மனேஜர் என்று நீண்ட காலம் அழைக்கப்பட்டு, 2015 இல் ஸ்பெக்ட்ரம் புரொடெக்ட் என்றும் பின்னர் ஸ்டோரேஜ் புரொடெக்ட் என்றும் பெயர் மாறியது. இதில் ஒரு கோப்பின் ஆயுளை நான்கு எண்கள் தீர்மானிக்கின்றன. கோப்பு சேர்வரில் உயிரோடு இருக்கும்வரை எத்தனை பதிப்புகளை வைத்திருப்பது என்பது வெர்எக்ஸிஸ்ட்ஸ். கோப்பு அழிக்கப்பட்ட பின் எத்தனை என்பது வெர்டிலீட்டட். பழையதாகிவிட்ட பதிப்பை எத்தனை நாள் வைத்திருப்பது என்பது ரெட்எக்ஸ்ட்ரா. அழிக்கப்பட்ட கோப்பின் கடைசிப் பதிப்பை எத்தனை நாள் என்பது ரெட்ஒன்லி. யாரும் தொடாத நிலையில் இந்த எண்கள் முறையே 2, 1, 30, 60 என்று இருக்கும். எங்கள் சேர்வரில் பெரும்பாலான கோப்புகள் இந்த எண்களிலேயே இருந்தன.

இதில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, பதிப்பு எண்ணிக்கையும் நாட்கணக்கும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிப்பதில்லை என்பதாகும். எந்த வரம்பு முதலில் முடிகிறதோ, அதோடு அந்தப் பதிப்பின் ஆயுளும் முடிகிறது. நாளாந்தம் திருத்தப்படும் எக்செல் கோப்புக்கு இரண்டு பதிப்பு என்றால், இன்றையதும் நேற்றையதும் மட்டுமே மிஞ்சும். ரெட்எக்ஸ்ட்ரா 30 நாள் என்று எழுதியிருப்பதால் அந்தக் கோப்புக்கு ஒரு நன்மையும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும் கோப்புக்கோ அதே இரண்டு பதிப்பு தாராளம். அங்கே நாட்கணக்குத்தான் முந்துகிறது. ஆகவே “முப்பது நாள் பேக்கப் இருக்கிறது” என்று ஒரு பிரிவுக்கு நாம் சொல்லும் உறுதி, அவர்கள் அதிகம் பாடுபடும் கோப்புகளுக்கே பொருந்தாமற்போகிறது.

இரண்டாவது விடயம் இதைவிட ஆழமானது. கணக்குப் பிரிவினர் ஆண்டு முடிந்ததும் நடப்பு ஆண்டுக் கோப்புறையின் பெயரை மாற்றிப் பழைய ஆண்டுகளின் வரிசையில் சேர்ப்பது வழக்கம், நல்ல ஒழுங்குதான். ஆனால் பேக்கப் மென்பொருளின் பார்வையில் பெயர் மாற்றம் என்று ஒன்று கிடையாது. பழைய பாதையில் இருந்த கோப்புகள் அழிக்கப்பட்டன, புதிய பாதையில் புதிய கோப்புகள் தோன்றின என்றே அது பதிவு செய்கிறது. அந்தக் கணத்தில் பழைய பாதையின் கோப்புகள் எல்லாம் வெர்டிலீட்டட் என்ற விதியின் கீழ் போய்விடுகின்றன. அந்த எண் 1 என்றால், இருந்த பதிப்புகளில் கடைசி ஒன்று மட்டும் நிற்கும். அதுவும் 60 நாளில் போய்விடும். புதிய பாதையிலோ வரலாறு முதலாம் பதிப்பிலிருந்து தொடங்குகிறது. மார்ச் 31 இன் கோப்பு இருமுறை இழக்கப்பட்டிருந்தது: ஏப்ரலில் தொடர்ந்த திருத்தங்களால் ஒருமுறை, பெயர் மாற்றத்தால் மறுமுறை. வெர்டிலீட்டட் என்ற எண்ணைப் பலர் குப்பைத் தொட்டிக்கான விதி என்று நினைத்துச் சிறிதாக வைக்கிறார்கள். என் கணிப்பில் நான்கிலும் மிக ஆபத்தான எண் அதுதான்.

எண்கள் இவ்வளவு சிறிதாக இருந்ததற்கு வட்டுக்களின் விலையும் ஒரு காரணம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. சேமிப்பு வட்டுக்களை வாங்கும் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. இருக்கும் இடத்துக்குள் அடக்குங்கள் என்பதே அக்காலத்துக் கட்டளை. அந்தக் கட்டளையில் நியாயம் இருந்தது. ஆனால் நெருக்கடி தணிந்த பிறகும், இடம் எவ்வளவு இருக்கிறது என்பதிலிருந்தே கொள்கையைத் தொடங்கும் பழக்கம் தொடர்ந்தது. நான் முன்வைத்த ஒரே வாதம் இதற்கு எதிரானது: எவ்வளவு பின்னோக்கிப் போய் ஒரு கோப்பைக் கேட்கும் தேவை வரும் என்பதை அந்தக் கோப்புக்கு உரியவர்கள் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் இடத்தின் கணக்கு.

ஆகவே ஒவ்வொரு பிரிவாகப் போய்ப் பேசினேன். “எத்தனை பதிப்பு வேண்டும்?” என்று கேட்டால் எவராலும் பதில் சொல்ல முடியாது. “ஒரு கோப்பு கெட்டுப்போயிருப்பதை நீங்கள் மிகத் தாமதமாக எப்போது கண்டுபிடிப்பீர்கள்?” என்று கேட்டபோது, மளமளவென்று பதில்கள் வந்தன. கணக்குப் பிரிவுக்கு அது அடுத்த ஆண்டுக் கணக்காய்வு முடியும் நாள். கடன் அறவீட்டுப் பிரிவுக்குக் காலாண்டு மீளாய்வு. சந்தைப்படுத்தலுக்கு ஒரு மாதம் போதும். ஊழியர் விவகாரப் பிரிவினர் எல்லாவற்றையும் எக்காலத்துக்கும் வைத்திருக்கச் சொன்னார்கள்.

இந்தப் பதில்களிலிருந்து வகுப்புகளை, அதாவது தமக்கென அந்த நான்கு எண்களைக் கொண்ட கோப்புப் பிரிவுகளை, அமைத்தோம். கணக்கு, கடன் மதிப்பீட்டுக் கோப்புகளுக்குப் பதிப்பு எண்ணிக்கை வரம்பை, உயிரோடு இருப்பவற்றுக்கும் அழிக்கப்பட்டவற்றுக்கும், முற்றாக நீக்கி, நாட்கணக்கை 400 என்று வைத்தோம். ஓராண்டு முடிவின் கோப்பு அடுத்த ஆண்டு முடிவையும் தாண்டி நிற்பதற்கே அந்த எண். எண்ணிக்கை வரம்பு இல்லாதபோதுதான் “கடந்த 400 நாட்களில் பேக்கப் ஓடிய எந்த இரவுக்கும் திரும்பலாம்” என்ற வாக்கியம் மெய்யாகிறது. பொதுக் கோப்புகளுக்கு அதே அமைப்பில் 90 நாள். மின்னஞ்சல்களைச் சேமித்து வைக்கும் அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்புகளைத் தனியாகப் பிரித்தோம். அஞ்சலைத் திறந்தாலே மாறிவிடும் பெருங்கோப்புகள் அவை. 400 நாள் விதியில் விட்டால் இடத்தைத் தின்றுவிடும்.

தரவுத்தளப் பிரதிகளில் வேறொரு நுணுக்கம் இருந்தது. ஒவ்வோர் இரவும் திகதியைப் பெயரில் தாங்கிய புதிய கோப்பாக அவை எழுதப்பட்டு, ஒரு வாரத்தில் சேர்வரிலிருந்து அழிக்கப்படுகின்றன. பெயர் ஒருபோதும் மீண்டும் வராததால் எந்தக் கோப்புக்கும் இரண்டாம் பதிப்பு கிடையாது. வெர்எக்ஸிஸ்ட்ஸை நூறாக்கினாலும் பயனில்லை. அவற்றின் ஆயுளை ரெட்ஒன்லி ஒன்றே தீர்மானிக்கிறது. தரவுத்தளப் பிரதிகளுக்குக் கொள்கை எழுதும் எவரும் முதலில் கோப்பின் பெயர் எப்படி வைக்கப்படுகிறது என்று பார்ப்பது நல்லது.

வாடிக்கையாளர் ஆவணங்களைப் பதிப்புக் கணக்குக்குள் கொண்டுவருவதே பொருத்தமற்றது. 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டம், வாடிக்கையாளருடனான உறவு முடிந்ததிலிருந்து ஆறு ஆண்டுகளுக்கு உரிய பதிவேடுகளை வைத்திருக்கச் சொல்கிறது. இது பேக்கப் அல்ல, ஆவணக் காப்பு. மென்பொருளிலும் அதற்குத் தனி ஏற்பாடு உண்டு. அங்கே ஒரு தடங்கல் வந்தது. ஒப்பந்தத்தை வருடிக் காப்பில் போட்ட நாளிலிருந்து 2,200 நாள் என்று வைத்தால், ஐந்தாண்டுக் குத்தகை ஒன்று முடிந்து ஓராண்டு கழிய ஆவணம் காலாவதியாகிவிடும். ஆறு ஆண்டுகள் எண்ணப்பட வேண்டியது முடிவிலிருந்து. முடிவு எப்போது என்பது காப்பில் போடும் நாளில் எவருக்கும் தெரியாது. அதற்காகவே உள்ள நிகழ்வு வழித் தக்கவைப்பு என்ற வசதியைப் பயன்படுத்தினோம். குத்தகைக் கணக்கு மூடப்பட்டது என்ற அறிவிப்பைப் பேக்கப் சேர்வருக்கு அனுப்பிய பின்னரே நாட்கள் ஓடத் தொடங்கும். இந்த வேலையின்போதுதான், ஆவணக் காப்பில் இருப்பவற்றைக் கோப்புச் சேர்வரிலிருந்தே அழிக்கும் அனுமதி எங்கள் நோடுகளில், அதாவது பேக்கப் சேர்வரில் பதிவு செய்யப்பட்ட கணினிகளில், திறந்திருப்பது தெரியவந்தது. அதை அன்றே மூடினோம்.

கொள்கையை எழுதி முடித்த பிறகு, அமுலாக்கும் வரிசையில் கவனம் தேவைப்பட்டது. புதிய வகுப்புகளை உருவாக்கிக் கோப்புகளை அவற்றோடு பிணைத்தால் போதும் என்றே குழுவில் முதலில் பேசப்பட்டது. ஆனால் பிணைப்பு மாறுவது அடுத்த பேக்கப்பில் அந்தக் கோப்பு கண்ணில் படும்போதுதான். ஏற்கெனவே அழிக்கப்பட்ட கோப்பு இனி ஒருபோதும் கண்ணில் படாது. அது பழைய வகுப்பிலேயே கிடந்து பழைய எண்களின்படி போய்விடும். ஆகவே முதலில் பழைய வகுப்பின் எண்களையே பெரிதாக்கி, எல்லா வகுப்புகளும் அடங்கிய கொள்கைத் தொகுதியைச் சரிபார்த்துச் செயற்படுத்தினோம். அதனால் அழிக்கப்பட்ட கோப்புகளின் எஞ்சிய பதிப்புகளும் காப்பாற்றப்பட்டன. புதிய வகுப்புகளைப் பிணைப்பது அடுத்த கட்டம். இவ்வளவும் நடக்கும்போது, ஆயுள் முடிந்த பதிப்புகளை அழிக்கும் காலாவதி நீக்கத்தை முற்றாக நிறுத்தி வைத்தோம், ஏனென்றால் ஓர் எண் தவறினால் திருத்தலாம்; நீக்கம் ஓடிவிட்டால் திருத்த வழியில்லை. எந்தக் கோப்பைச் சேர்ப்பது, எதை விலக்குவது, எதை எந்த வகுப்போடு பிணைப்பது என்று சொல்லும் சேர்க்கை விலக்கு வரிகளை மென்பொருள் கீழிருந்து மேலாக வாசிக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. பொதுவான வரி கீழே இருந்தால், மேலே உள்ள நுணுக்கமான வரிகளுக்கு வேலையே இல்லை.

சோதனைக்குப் போயா தினங்களைத் தெரிந்தெடுத்தோம். அலுவலகம் பூட்டியிருக்கும், கோப்புகளை எவரும் திறக்கமாட்டார்கள். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒரு கோப்புறையையும் ஒரு பழைய திகதியையும் அந்தப் பிரிவினரே முன்கூட்டி எழுதித் தருவார்கள். நாங்கள் அதைத் தனியிடத்தில் மீட்டு வைப்போம். மறுநாள் அவர்களே திறந்து பார்த்துக் கையெழுத்திடுவார்கள். எங்கள் அறிக்கையைவிட அந்தக் கையெழுத்துக்கே மதிப்பு அதிகம் என்று கருதுகிறேன்.

2023 இல் அரசாங்கத்தின் மேகக் கணினிக் கட்டமைப்பு கப்பம் கோரும் தீம்பொருளால் தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டமை எங்கள் நிர்வாகத்தின் மனத்தையும் மாற்றியது. அத்தகைய தாக்குதலில் பதிப்பு எண்ணிக்கை வரம்பு தனியொரு பலவீனமாகிறது. தீம்பொருளால் மறையாக்கப்பட்டு, திறக்க முடியாமற்போன கோப்பும் பேக்கப்பின் கண்ணுக்கு ஒரு புதிய பதிப்புத்தான். ஒரே கோப்பு சில இரவுகளில் மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டால், நல்ல பதிப்பு எண்ணிக்கையால் தள்ளப்பட்டு வெளியேறிவிடும். நாட்கணக்கு மட்டும் இருந்தால், தாக்குதலைக் கண்டுபிடிக்க அத்தனை நாள் அவகாசம் இருக்கிறது. பேக்கப் சேர்வரே தாக்கப்பட்டால் எந்தக் கொள்கையும் உதவாது என்பதால், வலையமைப்பிலிருந்து பிரிக்கப்பட்ட நாடாப் பிரதி ஒன்றையும் வேறிடத்தில் வைக்க இணக்கம் கிடைத்தது.

இன்னும் முடியாத ஒரு வேலை இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கத்துக்குத் தேவையான காலத்துக்கு மேல் ஒருவரின் தரவை வைத்திருக்கக் கூடாது என்கிறது. ஊழியர் விவகாரப் பிரிவினரின் “எக்காலத்துக்கும்” என்ற கோரிக்கையை அதைக் காட்டித்தான் மறுத்தோம். ஆனால் அதே சட்டம் எங்களையும் கேள்வி கேட்கிறது. ரெட்எக்ஸ்ட்ராவும் ரெட்ஒன்லியும் பழையதாகிவிட்ட பதிப்புகளுக்கு மட்டுமே எண்ணப்படுகின்றன. ஒரு கோப்பின் நடப்புப் பதிப்புக்குக் காலாவதி என்பதே கிடையாது. சேவையிலிருந்து அகற்றப்பட்ட சேர்வர்களில் பேக்கப் மீண்டும் ஓடுவதில்லை. அதனால் அங்கிருந்த கோப்புகள் அழிக்கப்பட்டதாக எவரும் பதிவு செய்வதில்லை. அவற்றின் நாட்கணக்கு தொடங்குவதுமில்லை. மூடப்பட்ட கிளைகளின் வாடிக்கையாளர் விவரங்கள் இப்படி எங்கள் சேர்வரில் நடப்புக் கோப்புகளாகவே இருக்கின்றன. அவற்றைக் கையால்தான் நீக்க வேண்டும். அதற்கு உரிய பிரிவுத் தலைவரின் எழுத்து மூல அனுமதி வேண்டும். பழைய நோடுகளின் பட்டியலை, ஒவ்வொன்றிலும் கடைசியாகப் பேக்கப் ஓடிய திகதியுடன் தயாரித்து அனுப்பியிருக்கிறோம். கணக்குப் பிரிவு தன் பங்கைப் பார்த்து முடித்துவிட்டது. ஆறு ஆண்டு விதிக்குள் வருவன எவை என்று சட்டப் பிரிவு இப்போது பிரித்துக்கொண்டிருக்கிறது.