ஜோன்ஸ்களின் காட்டில் ஒரு பப்

13 ஜனவரி 2024, சனி

திருமணச் சான்றிதழின் நகல் தபாலில் வந்தது. 1874ஆம் வருடத்துக் கல்யாணம். மணப்பெண் என் மாமியாரின் கொள்ளுப்பாட்டி. 'தகப்பனார் தொழில்' என்ற கட்டத்தில் சாய்வெழுத்தில் ஒரே ஒரு சொல்: பப்ளிகன். பப் நடத்துபவர்.

மாம்-கீயிடம் காட்டினேன். (தென் வேல்ஸில் பாட்டிக்கு மாம்-கீ. என் மகள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்ததிலிருந்து எனக்கும் மாமியார் மாம்-கீதான்.) கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றினார். "எழுதினவன் தப்பா எழுதிட்டான்" என்றார். 82 வயது. அப்பா சேப்பலில், அதாவது குடியை வெறுக்கும் புராட்டஸ்டண்ட் சபையில், டீக்கன் (சபைப் பொறுப்பாளர்). வீட்டில் கிறிஸ்துமஸ் கேக்குக்குக்கூட பிராந்தி சேர்த்ததில்லை. இந்த வம்சத்தில் ஒரு பப்காரர் இருந்தார் என்றால் எப்படி ஏற்பார்?

அதற்கு மேல் பேச்சில்லை. அரிசிப் புட்டிங்குக்குப் பால் அளக்கப் போய்விட்டார். அதற்கென்றே ஒரு பழுப்பு நிற மண் ஜாடி வைத்திருக்கிறார். வேறு எதிலும் அளக்க மாட்டார்.

இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுது, ஆனால் பெயர் எதுவும் வரக்கூடாது என்றார். ஊர்ப் பெயரும் கூடாதாம்.

20 ஜனவரி, சனி

பெயர் எழுதினாலும் ஒன்றும் தெரிந்துவிடாது என்பதுதான் வேடிக்கை. குடும்பப் பெயர் ஜோன்ஸ். வேல்ஸில் ஜோன்ஸைத் தேடுவது மதுரையில் முருகனைத் தேடுவது போல.

இதற்கு ஒரு காரணம் உண்டு, நமக்குச் சட்டென்று புரியும் காரணம். பழைய வேல்ஸ்காரர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான். ஹியூவின் மகன் 'ஆப் ஹியூ'. அதுவே உருண்டு 'ப்யூ' ஆனது. ஆப் ஹவெல் பவெல் ஆனார், ஆப் ரீஸ் பிரைஸ் ஆனார், ஆப் எவன் பெவன் ஆனார். மகளென்றால் 'ஃபெர்ஹ்'. ஆங்கிலேயச் சட்டமும் திருச்சபைப் பதிவேடும் நிலையான குடும்பப் பெயரைக் கேட்டபோது, அப்போதைக்கு அப்பாவுக்கு என்ன பெயர் இருந்ததோ அது அப்படியே உறைந்துவிட்டது. கிராமப்புறங்களில் இது 19ஆம் நூற்றாண்டு வரை இழுத்தது. அப்பாக்களுக்கு இருந்ததோ ஜான், டேவிட், வில்லியம், தாமஸ், எவன் என்று ஒரு கைப்பிடிப் பெயர்கள். அதனால்தான் இன்று ஊருக்கு ஊர் ஜோன்ஸும் டேவிஸும் வில்லியம்ஸும்.

இங்கே வந்து இறங்கியபோது என் இனிஷியலை விரித்து, அப்பா பெயரை என் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். டாக்டரிடம் போனால் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஆக, நானும் ஒரு ஃபெர்ஹ்தான்.

ஊரில் இத்தனை ஜோன்ஸ்களை எப்படிப் பிரித்தார்கள்? தொழிலை வைத்து, வீட்டை வைத்து. ஜோன்ஸ் பால், ஜோன்ஸ் ரொட்டி, ஜோன்ஸ் சிங்கம். கடைசி ஆசாமி ரெட் லயன் பப் நடத்துபவராக இருப்பார். ஆட்கள் மாறுவார்கள், ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். வீட்டு வாசலில் தொங்கும் பலகை அவ்வளவு சுலபமாக மாறாது. ஆளைத் தேடுவதை விட்டுவிட்டுப் பலகையைத் தேடப் போகிறேன்.

28 ஜனவரி, ஞாயிறு

மழை. வரைபடத்தை விரித்து உட்கார்ந்தேன்.

கார்மார்தன்ஷயரின் இந்தப் பக்கத்தைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. பாதி ஊர்களுக்கு வேதாகமப் பெயர், அதாவது சேப்பலின் பெயர்: கர்மேல், சாரோன். அவற்றின் நடுவே கிராஸ் ஹேண்ட்ஸ், டம்பிள். இரண்டும் பப்பின் பெயர்கள். நாற்சந்தியில் முதலில் ஒரு பப் வந்தது, பிறகு சுரங்கம் வந்தது, சுரங்கத்தைச் சுற்றி ஊர் வந்தது, ஊர் பப்பின் பெயரையே எடுத்துக்கொண்டது. கிழக்கே நெல்சன், கிராஸ்கீஸ் எல்லாம் இதே கதைதான். அம்மன்ஃபோர்டுக்கே பழைய பெயர் கிராஸ் இன். ஊர் வளர்ந்து மரியாதை தேடியபோது, 1880இல்தான் பெயரை மாற்றினார்கள். மாம்-கீ பிறந்த ஊர் அங்கிருந்து நடந்து போகும் தூரம்.

பப்பின் பெயர் எங்கே தேட வேண்டும் என்பதையும் சொல்லிவிடும். லாண்டைலோவில் காடர் ஆர்ம்ஸ் என்றால் காடர் பிரபுவின் நிலம் அந்தப் பக்கம் என்று பொருள். வட வேல்ஸில் கிராஸ் ஃபாக்ஸஸ் என்று இரு நரிகளைப் பார்த்தால் அது வின்ஸ்டே மாளிகையின் வில்லியம்ஸ்-வின் குடும்பச் சின்னம். அந்த ஜமீனின் வாடகைக் கணக்கில் பப்காரரின் பெயர் வருடாவருடம் வந்திருக்க வாய்ப்பு உண்டு. டிரோவர்ஸ் ஆர்ம்ஸ் என்றால் மாட்டு வியாபாரிகளின் வழித்தடம். வேல்ஸ் மாடுகளை இங்கிலாந்துச் சந்தைக்கு நடத்தியே ஓட்டிப் போனவர்கள் அவர்கள். லாண்டவரியின் கிங்ஸ் ஹெட் விடுதியில் டேவிட் ஜோன்ஸ் என்ற மாட்டு வியாபாரி 1799இல் ஒரு வங்கியே தொடங்கினார். பெயர் கறுப்புக் காளை வங்கி. 1909இல் அதை லாய்ட்ஸ் வாங்கியது. இவரும் ஜோன்ஸ்தான். எங்களுக்கு உறவில்லை, விசாரித்துவிட்டேன்!

3 பிப்ரவரி, சனி

1851, 1861, 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள். ஆளைக் கண்டுபிடித்தேன், பப்பைக் காணோம். மூன்றிலும் 'கொல்லர்'. மனைவிக்கு நேரே தொழில் கட்டம் காலி.

இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு விளங்கியது. 1830இல் வந்த பீர்ஹவுஸ் சட்டப்படி, வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி கட்டணம் செலுத்தினால் தன் வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்கலாம். நீதிபதிகளிடம் போய் நிற்க வேண்டாம். ஜின்னை ஒழிக்க பீரைப் பெருக்கும் யோசனை. விளைவு, முன்னறையில் நாலு பெஞ்சு போட்டவரெல்லாம் பப்காரர். 1869இல்தான் இந்த வீடுகளை மறுபடி நீதிபதிகளின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் உரிமப் பதிவேட்டில் இவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். வியாபாரிகள் பட்டியல்களிலும் பலருக்கு 'பீர் விற்பவர்' என்பதோடு சரி, பலகைப் பெயர்கூட இருக்காது.

அவர் பகலெல்லாம் பட்டறையில் லாடம் அடித்திருக்கிறார். அப்படியானால் பீரை யார் காய்ச்சியது, யார் ஊற்றியது, யார் கடன் கணக்கு எழுதியது? அந்தக் காலிக் கட்டத்துக்காரிதான்.

1881 கணக்கெடுப்பைத் திறந்தேன். கணவர் இல்லை. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவள் பெயர். விதவை, வயது 54. தொழில்: பீர்ஹவுஸ் நடத்துபவர். கணவர் போன பிறகுதான் அவள் பார்த்த வேலைக்கு அரசாங்கத் தாளில் ஒரு பெயர் கிடைத்திருக்கிறது.

10 பிப்ரவரி, சனி

வேல்ஸ் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. 11 லட்சம் பக்கங்களுக்கு மேல், 1919 வரை. ராத்திரி ஒன்பதுக்கு உட்கார்ந்தவள் எழுந்தபோது மணி இரண்டு.

ஆள் பெயரைப் போட்டுத் தேடினால் வெள்ளம். பப் பெயரையும் ஊரையும் சேர்த்துப் போட்டால் வாழ்க்கையே வருகிறது. பிண விசாரணை அங்கேதான் நடந்திருக்கிறது, சுரங்கத்தில் செத்தவரை வைத்துக்கொண்டு. ஜமீன் ஏலம், உழவுப் போட்டி விருந்து எல்லாம் அங்கேதான். ஐவரைட்ஸ் என்றொரு சங்கம், 1836இல் ரெக்ஸமில் தொடங்கி வெல்ஷ் மொழியிலேயே நடந்த பரஸ்பர உதவிச் சங்கம். நோய்க்கும் சாவுக்கும் சந்தா கட்டி வைப்பார்கள். அதன் கிளைக் கூட்டமும் எங்கள் விதவையின் மாடியறையில். பிற்பாடு பப்பைத் திட்டிய ஊருக்கு அதுவரை வேறு பொது மண்டபம் ஏது?

பிறகு அது கிடைத்தது. 1883, மாஜிஸ்திரேட் கோர்ட்டுச் செய்தி, ஆறே வரி. ஞாயிற்றுக்கிழமை பீர் விற்றதாக விதவை மேல் வழக்கு.

வேல்ஸில் ஞாயிறன்று பப்களை மூடும் சட்டம் 1881இல் வந்தது. இங்கிலாந்தோடு இணைத்த பிறகு வேல்ஸுக்கென்று மட்டும் லண்டன் பார்லிமெண்ட் போட்ட முதல் சட்டமே இதுதான் என்பார்கள். சேப்பல்காரர்களின் பெரிய வெற்றி. ஆனால் ஓட்டை ஒன்று இருந்தது: மூன்று மைலுக்கு அப்பாலிருந்து வரும் 'உண்மையான பயணி'க்கு ஊற்றிக் கொடுக்கலாம். அவ்வளவுதான், வேல்ஸ் முழுக்க ஞாயிற்றுக்கிழமை திடீர்ப் பயணிகள். அந்த ஊர்க்காரர் இங்கே நடந்து வருவார், இந்த ஊர்க்காரர் அங்கே போவார். எங்கள் வழக்கில் வந்த இரண்டு பயணிகளின் வீடு மூன்று மைலுக்குக் கொஞ்சம் குறைவு என்று போலீஸ்காரர் அளந்து சொல்லியிருக்கிறார். தூரத்தைத் தான் கேட்டதாகவும் அவர்கள் பொய் சொன்னதாகவும் விதவை பதில் சொல்லியிருக்கிறாள். வழக்கு தள்ளுபடி.

54 வயதிலிருந்து 56 வயதாகிவிட்டவளை, கோர்ட்டில் தொப்பியும் சால்வையுமாக நிற்பவளை, கற்பனை செய்து பார்த்தேன். நம்பினேன் என்று நீதிபதியிடம் முகம் மாறாமல் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்.

11 பிப்ரவரி, ஞாயிறு

மாம்-கீயிடம் படித்துக் காட்டினேன். நீண்ட நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "தள்ளுபடியா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லது" என்றார்.

தானாகவே ஒரு கதையும் சொன்னார். 1961இல் ஞாயிறு மூடுவதைத் தொடரலாமா என்று மாவட்டவாரியாக ஓட்டெடுப்பு. அவருக்கு அப்போது 19, ஓட்டுரிமைக்கு 21 ஆக வேண்டும். அப்பா சேப்பல் ஆட்களை வண்டியில் ஏற்றி ஏற்றிக் கொண்டுபோய் ஓட்டுப் போட வைத்தாராம். கார்மார்தன்ஷயர் மூடியே இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னது. (ஏழு வருடத்துக்கு ஒருமுறை இப்படிக் கேட்டுக் கேட்டு, கடைசியாக மூடியிருந்த ட்வைவோர் பகுதி திறந்தது 1996இல்.)

டீக்கனின் பாட்டிக்குத் தாய் ஞாயிறு பீர் வழக்கில் நின்றவள். அவருக்கு இது தெரிந்திருக்குமா என்று கேட்க வந்தது. கேட்கவில்லை.

24 பிப்ரவரி, சனி

வியாழனன்று ஒரு நாள் லீவு போட்டு அபெரிஸ்ட்வித் போனேன். கார்மார்தனிலிருந்து அங்கே போன பயணிகள் ரயிலை 1965இல் நிறுத்திவிட்டார்கள், இப்போது டி1 பஸ். லாம்பெட்டர் வழியாக ஆட்டமாக ஆடிக்கொண்டு போனால் கடைசியில் கடல். நூலகம் மலைமேல். உண்மையில் அங்கே எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஜமீன் வாடகைக் கணக்குகளில் எங்கள் வீடு இல்லை. பஸ் மட்டும் நன்றாக இருந்தது.

கிடைத்தது நேற்று, கார்மார்தன் ஆவணக் காப்பகத்தில், உரிமப் பதிவேட்டில். ஒரு பப்புக்கு ஒரு பக்கம். வீட்டின் சொந்தக்காரர், உரிமக்காரர், மாற்றிக் கொடுத்த தேதி, தண்டனை ஏதும் உண்டா என்பது எல்லாம் வரிசையாக. விதவை. அப்புறம் அவள் மகன். 1905இல் மகன் உரிமத்தை வெளியாள் ஒருவருக்கு மாற்றிக் கொடுக்கிறான். 1909இல் 'தேவைக்கு மிகை' என்று பப்பை மூடி நஷ்ட ஈடு கொடுத்திருக்கிறார்கள். 1904ஆம் வருடச் சட்டம் அப்படி: ஊரில் பப்கள் அதிகம் என்று தோன்றினால், மற்ற பப்காரர்களிடம் வசூலித்த நிதியிலிருந்து பணம் கொடுத்து மூடலாம்.

1905 ஏன்? காகிதம் காரணம் சொல்லாது. ஆனால் 1904 அக்டோபர் கடைசியில், இங்கிருந்து அதிக தூரமில்லாத லௌகரில், மோரியா சேப்பலில், இவான் ராபர்ட்ஸ் என்ற முன்னாள் சுரங்கத் தொழிலாளி கூட்டம் தொடங்கினார். சில மாதங்களில் எழுப்புதல் என்ற பக்தி அலை வேல்ஸ் முழுக்கப் பரவியது, பப்கள் வெறிச்சோடின. மகன் மனம் திரும்பினானா, வியாபாரம் படுத்ததா? இரண்டும் ஒன்றாகவே நடந்திருக்கலாம். அவனுடைய அக்கா மகள்தான் பிற்பாடு ஒரு டீக்கனைப் பெற்றவள். பேச்சு அங்கேதான் நின்றிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

2 மார்ச், சனி

பெம்ப்ரோக்ஷயரில் கம் க்வைன் பள்ளத்தாக்கில் டிஃப்ரின் ஆர்ம்ஸ் என்ற பப். 1840களிலிருந்து ஒரே குடும்பம். ஐம்பது வருடத்துக்கு மேல் அதை நடத்திய பெஸ்ஸி டேவிஸ் போன டிசம்பரில் 93 வயதில் காலமானார். யாரும் டிஃப்ரின் என்று சொல்ல மாட்டார்கள், பெஸ்ஸி வீடு என்றுதான் சொல்வார்கள். அந்தப் பள்ளத்தாக்கு இன்னும் பழைய நாட்காட்டிப்படி ஜனவரி 13இல்தான் புத்தாண்டு கொண்டாடுகிறது. கல்யாணமான புதிதில் கணவர் என்னை அங்கே கூட்டிப் போயிருக்கிறார். ஒரு வீட்டின் முன்னறை, சுவரில் ஒரு சிறு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் பெஸ்ஸி, பீப்பாயிலிருந்து ஜாடியில் பிடித்து ஜாடியிலிருந்து கிளாஸில் ஊற்றுவார்.

பழைய படங்களைத் தேடி எடுத்தேன். அந்த ஜாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

10 மார்ச், ஞாயிறு

இங்கே இன்று அன்னையர் தினம். டாஃபடில் பூக்களோடு மாம்-கீ வீட்டுக்குப் போனோம். அவர் புட்டிங்குக்குப் பால் அளந்துகொண்டிருந்தார். அளந்து முடித்ததும் ஜாடியைக் கழுவித் தருகிறேன் என்று வாங்கி, வெளிச்சத்தில் திருப்பினேன். விளிம்புக்குக் கீழே, கட்டைவிரல் அளவு முத்திரை. ஒரு கிரீடம், வி, ஆர் என்ற எழுத்துகள், ஓர் எண். விக்டோரியா காலத்து எடை-அளவு இன்ஸ்பெக்டரின் முத்திரை. வீட்டு ஜாடிக்கு இதெல்லாம் தேவையில்லை. பீர் விற்கும் ஜாடிக்குத்தான் தேவை.

"அது ராணியோட ஜாடி" என்றார் மாம்-கீ. "எங்க பாட்டி அப்படித்தான் சொல்வா. அவ அம்மா வழியா வந்ததாம்."

சொன்னேன். ஒரு குவார்ட், ஒரு லிட்டருக்குச் சற்று மேல், அரசாங்கம் சரிபார்த்த அளவு என்று. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாம்-கீ ஜாடியை என் கையிலிருந்து வாங்கி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். அடுப்பைத் திறந்து புட்டிங்கை உள்ளே தள்ளினார்.

"அதான் ஒருநாளும் அளவு தப்பினதில்லை" என்றார்.