ஊர்க்கல்லில் எண்ணிக்கை மட்டும்: போரில் இறந்தவரின் பெயரைத் தேடுவது எப்படி

தமிழ்நாட்டின் பல ஊர்களில் முதல் உலகப்போர் நினைவாக ஒரு சிறு கல் பலகை உண்டு. இந்த ஊரிலிருந்து 1914-1919 போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், உயிர் நீத்தவர்கள் இத்தனை பேர் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். பெயர் ஒன்றும் இருக்காது. தேட வருபவர்களில் பெரும்பாலோர் இந்தக் கல்லைப் பார்த்துவிட்டு வருபவர்கள்தான். கையில் இருப்பது ஒரு பெயரும் "மெசபடோமியாவுல (இன்றைய ஈராக்) செத்தாராம்" என்ற பேச்சும் மட்டுமே.

பெயரை வைத்துத் தொடங்காதீர்கள். படை எண்ணையும் (படையில் அவருக்குக் கொடுத்த தனி எண்) பிரிவையும் முதலில் பிடியுங்கள். வீட்டில் முதல் உலகப்போர் வெள்ளிப் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், பிரிவு நான்கும் அங்கே பொறித்திருக்கும். புளி, சாம்பல் போட்டுத் துலக்க வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, பதக்கத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி ஏழெட்டுப் படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும். இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுத்த வட்டமான வெண்கலத் தகடு இதற்கு உதவாது. அதில் பெயர் மட்டுமே இருக்கும், எண்ணும் பிரிவும் இருக்காது.

அடுத்தது காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பட்டியல். தேடக் கட்டணம் இல்லை. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் நேர்ந்த மரணங்களே அதில் வரும். போர் முடிந்த பிறகு நோயில் இறந்தவரும் இருக்கலாம் என்பதால் ஆண்டைச் சுருக்கித் தேடாதீர்கள்.

தேடல் பெரும்பாலும் எழுத்துக்கூட்டலில்தான் தோற்கும். "சாமி" என்பதை அன்றைய எழுத்தர்கள் எஸ்-ஏ-எம்-ஐ என்றும், எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஐ என்றும், எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்றும் எழுதினார்கள். முனுசாமிக்கு மட்டும் ஏழெட்டு வடிவம் வரும். அதனால் பெயர்ப் பெட்டியைக் காலியாக விட்டு, படையில் இந்திய ராணுவத்தைத் தேர்ந்து, கூடுதல் தகவல் பெட்டியில் ஊரையோ தாலுகாவையோ மாவட்டத்தையோ போடுங்கள். பதிவில் "இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன மாவட்டம்" என்று இருந்தால் அந்த வரி சிக்கும். மாவட்டம் அன்றைய மாவட்டமாக இருக்க வேண்டும். தர்மபுரி 1965 வரை சேலத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி 2004-இல்தான் தர்மபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே கிருஷ்ணகிரிக்காரரைச் சேலத்தில் தேட வேண்டும். திருவண்ணாமலைக்காரர் வட ஆற்காட்டில் இருப்பார். திருச்சி, தஞ்சை, திருநெல்வேலிக்கு ஆங்கிலேயர் எழுதிய பழைய பெயர்களையும் போட்டுப் பாருங்கள். முடிவுகளை எக்செல் கோப்பாக இறக்கி, தந்தை பெயரை வைத்து வடிகட்டினால் வேலை பாதியாகும்.

சிப்பாய், சாப்பர் (பொறியியல் படை வீரர்) என்று மட்டும் தேடுவது இன்னொரு தவறு. சமையல்காரர், சுமைதூக்கி, வண்டியோட்டி, துப்புரவாளர் எனப் போனவர்களும் ஏராளம். அவர்களும் போரில் இறந்தவர்களே. ஆனால் இரண்டாம் போரில் ஜப்பானியரால் மலாயாவிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் குடிமக்கள் என்பதால் இந்தப் பட்டியலில் வர மாட்டார்கள்.

பதிவு கிடைத்ததும் "கல்லறை எங்கே?" என்பார்கள். இந்துக்கள் பலர் எரியூட்டப்பட்டதால் தனிக் கல்லறை இருக்காது. நினைவிடத்தில் பெயர் மட்டும் இருக்கும். பர்மாவில் விழுந்தவர்களுக்கு தவுக்கியானில் உள்ள ரங்கூன் நினைவிடம், மலாயா, சிங்கப்பூரில் விழுந்தவர்களுக்கு சிங்கப்பூரின் கிராஞ்சியில் உள்ள நினைவிடம். மெசபடோமியாவில் விழுந்தவர்களுக்கான பஸ்ரா நினைவிடத்தில்தான் மனம் கனக்கும். பிரிட்டிஷ் படையினருக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் பொறித்தவர்கள், சாதாரண இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவின் கீழ் வெறும் எண்ணிக்கையாக நிறுத்தினார்கள். இந்தச் சமமின்மையை ஆணையமே 2021 அறிக்கையில் ஒப்புக்கொண்டது. சுவரில் பெயர் இல்லாவிட்டாலும் பட்டியலில் தேடிப் பார்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

எப்படி இறந்தார் என்பதற்குப் பிரிவின் போர் நாட்குறிப்பைப் படிக்க வேண்டும். லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் முதல் போருக்கு டபிள்யூ-ஓ 95, இரண்டாம் போரில் பர்மா முனைக்கு டபிள்யூ-ஓ 172 ஆகிய வரிசைகள். அதிகாரி அடிபட்டால் பெயர் எழுதுவார்கள், சிப்பாய் என்றால் பெரும்பாலும் "ஐ.ஓ.ஆர். (அதிகாரி அல்லாத இந்தியப் படையினர்) இருவர் மரணம்" என்ற அளவோடு சரி. மரணத் தேதியும் இடமும் அதோடு பொருந்தினால் அது துணைச் சான்று, முடிவான சான்று அல்ல. அன்று பிரிவு சண்டையிலேயே இல்லை என்றால் நோயாக இருக்கலாம். குண்டடி என்று வலிந்து எழுதாதீர்கள்.

பணிப் பதிவுக்கு அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். சாப்பர் என்றால் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியின் வெலிங்டன். படை எண் இல்லாத கடிதத்தால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாம் போர்க்காரர் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள். மனைவி உதவித்தொகை பெற்றிருந்தால் அந்தக் கோப்பில் எண் இருக்க வாய்ப்புண்டு.

பெயர், தந்தை பெயர், ஊர், எண் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று ஒத்துப்போனால்தான் அவர் இவரே என்று எழுதலாம். பட்டியலில் விடுபட்டிருந்தால் பணியில் இருந்ததற்கும் இறந்த தேதிக்கும் ஆவண நகல் இணைத்து ஆணையத்துக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துப் பிழைக்கும் இதே வழிதான். ஊரில் பெயர்ப் பலகை வைப்பதானால் பழைய கல்லில் புதிதாக எதுவும் செதுக்காமல் பக்கத்தில் தனியாக வையுங்கள், தமிழில்.