ஊருணி தூர்வாரல்: எஸ்டிமேட்டுக்கு முன்னால் வாய்க்காலைப் பாருங்கள்

ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் ஊருணி தூர்வாரப் போகிறோம் என்றாலே முதல் பேச்சு பொக்லைன் வாடகைதான். மணிக்கு எவ்வளவு, எத்தனை டிப்பர், டீசல் யார் கணக்கு. தோண்டுவது இருப்பதிலேயே சுலபமான வேலை. தோண்டி முடித்தும் தண்ணீர் நிற்காத ஊருணிகள் பல ஊர்களில் கிடக்கின்றன, பெரும்பாலும் வரத்து, அதாவது மழைநீர் வந்து சேரும் வழி, அடைபட்டுப் போனதால். ஊராட்சி வழியாக இந்த வேலையைக் கொண்டுபோனதில் எங்களுக்குப் பிடிபட்டதை அதே வரிசையில் எழுதுகிறோம்.

முதலில் நீர்நிலை யார் பொறுப்பில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊருணி, குட்டை என்றால் கிராம ஊராட்சி. பாசனக் கண்மாய் என்றால் ஆயக்கட்டு (பாசனம் பெறும் பரப்பு) 40 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத் துறை. கோயில் தெப்பக்குளம் அறநிலையத் துறைக்குப் போகும். தவறான வாசலில் மனு கொடுத்தால் அது ‘தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது’ என்ற முத்திரையோடு ஊர் சுற்றி வரும்போது கோடை முடிந்திருக்கும். வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டு (நில விவரப் பதிவேடு) நகலும் புலப்படமும் (நில அளவை வரைபடம்) இணையத்திலேயே எடுக்கலாம். புல எண், பரப்பு, வகைப்பாடு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊருணிக்கு மட்டுமல்ல, வரத்து வாய்க்கால் போகும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் புலப்படம் எடுக்க வேண்டும். வாய்க்கால் புறம்போக்காக இருக்கிறதா, பட்டா நிலத்துக்குள் ஓடுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். பட்டாவுக்குள் ஓடினால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒரு மண்வெட்டி மண்கூட எடுக்க முடியாது.

அடுத்தது கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு சபைகள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேலை முடிய வேண்டுமானால் ஜனவரி அல்லது மார்ச் சபையிலேயே தீர்மானம் வந்துவிட வேண்டும். மே சபைக்குத் தள்ளினால் அனுமதி கைக்கு வரும்போது மேகம் கூடிவிடும். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். ‘ஊருணியைத் தூர்வார வேண்டும்’ என்ற ஒற்றை வரித் தீர்மானம் எதற்கும் உதவாது. புல எண், பரப்பு, வரத்து வாய்க்கால் எங்கிருந்து எதுவரை, கலிங்கு (மிகைநீர் வெளியேறும் வழி), கரை, சீமைக்கருவேலம் அகற்றுதல் எல்லாம் ஒரே தீர்மானத்தில் வர வேண்டும். வாய்க்கால் விடுபட்டால் எஸ்டிமேட்டிலும் விடுபடும். பிறகு சேர்க்கக் கேட்டால் ‘தீர்மானத்தில் இல்லையே’ என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் தப்பில்லை. தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் நிர்வாகம் நடக்கும் ஊர்களிலும் தீர்மானம்தான் ஆதாரம். கையெழுத்து ஆறுவதற்குள் நகலை வாங்கிவிடுங்கள்.

பணம் எங்கிருந்து? 2021-26-க்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் ‘டைடு’ நிதி, அதாவது குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டியது. அதில் பாதி சுகாதாரத்துக்கு, மீதிப் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் வேலையின் பெயர் இருந்தால்தான் அதைத் தொட முடியும். நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊர் போட வேண்டும். நூறு நாள் வேலையில் ஆட்கள் கிடைப்பார்கள், இயந்திரம் இறக்கக் கூடாது. இங்கேதான் பலர் சிக்குகிறார்கள். ஒரே குழிக்கு இரண்டு திட்டத்திலிருந்து செலவு எழுதினால் தணிக்கையில் மாட்டும். வாய்க்காலை நூறு நாள் வேலைக்கும் ஊருணியை நமக்கு நாமேக்கும் பிரித்து, தனித்தனிப் பெயர், தனித்தனி மதிப்பீடு என்று ஓவர்சியரிடம் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

எஸ்டிமேட் வந்ததும் கொள்ளளவை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். மேல்மட்டம் 60 மீட்டருக்கு 40, ஆழம் 2 மீட்டர், சரிவு ஒன்றுக்கு ஒன்றரை (ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் உள்ளே) என்று வைத்தால் அடிமட்டம் 54-க்கு 34 ஆகிவிடும். கொள்ளளவு 4,224 கன மீட்டர். நீளத்தையும் அகலத்தையும் ஆழத்தையும் நேராகப் பெருக்கினால் 4,800 வரும். இந்த 576 கன மீட்டர் வித்தியாசம் கடைசி அளவெடுப்பில்தான் வெளியே வரும். அப்போது பில் குறையும், சண்டை வரும்.

இன்னொரு கணக்கும் ஊரில் சந்தேகத்தைக் கிளப்பும். அந்த ஊருணியில் அடிமட்டத்தில் 60 செ.மீ. வண்டல் இருந்தால் ஏறக்குறைய 1,100 கன மீட்டர். வெட்டிய மண் உப்பும். கால் பங்கு கூடி வண்டியில் 1,375 ஆகிவிடும். டிராக்டர் நடைக்கு 3 கன மீட்டர் என்றால் சுமார் 458 நடை. எம் புக்கில் (அளவுப் புத்தகத்தில்) 1,100 என்று எழுதியிருக்க, நடைக் கணக்கு வைத்தவர் 1,375 என்பார். இரண்டும் சரிதான். இதை வேலை தொடங்கும் முன்பே ஊரில் சொல்லிவிட்டால் டீக்கடைப் பஞ்சாயத்து பாதி குறையும்.

வண்டலை விவசாயிகளுக்குக் கொடுப்பதுதான் செலவைக் குறைக்கும் வழி. கட்டணம் கிடையாது. 2024-லிருந்து வட்டாட்சியர் அனுமதியே போதும், இ-சேவை தளத்தில் விண்ணப்பிக்கலாம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 டிராக்டர். புன்செய்க்கு 90, அதாவது 30 டிராக்டர். வீட்டுத் தேவைக்கு 30 கன மீட்டர். மேலே சொன்ன 458 நடையும் 16 ஏக்கர் புன்செய்க்குள் போய்விடும். ஆனால் மேற்பார்வை இல்லாவிட்டால் எல்லோரும் பாதைக்குப் பக்கத்திலேயே அள்ளுவார்கள். ஒரு மூலையில் ஆளை முழுங்கும் பள்ளமும் எதிர்மூலையில் தொடாத மேடுமாக நிற்கும். சுண்ணாம்புக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். அள்ளப்படும் மண் செங்கல் சூளைக்குத் திரும்பவில்லையா என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு வண்டி அப்படிப் பிடிபட்டால் மொத்த அனுமதியும் நிற்கும்.

எவ்வளவு ஆழம்? எங்கள் பக்கத்தில் தேங்கிய நீர் ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆவியாகும். அதனால் பரப்பைக் கூட்டுவதைவிட ஆழம் லாபம். ஆனால் எல்லை உண்டு. தோண்டும் முன் ஐந்தாறு இடங்களில் சோதனைக் குழி போடுங்கள். மேலே கறுத்து, உலர்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் வண்டல். அதற்குக் கீழே மஞ்சளோ சாம்பலோ கலந்த இறுகிய களி. ஈரமாக உருட்டினால் பென்சில் போல நீளும். முன்னோர் நம்பியது இந்தப் படுகையைத்தான், பொக்லைன் வாளி அங்கே நின்றுவிட வேண்டும். அதைத் துளைத்து மணல் தெரிந்துவிட்டால் பிறகு எவ்வளவு மழை வந்தாலும் வடிகட்டியில் ஊற்றியது போலத்தான். தப்பித்தவறி மணல் கண்டால் அன்றே களிமண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, 30 செ.மீ. கனத்துக்கு மிதித்து இறுக்கி அடைக்க வேண்டும்.

கரைக்குப் போடும் மண்ணை 20 செ.மீ. அடுக்காகப் பரப்பி, நனைத்து, உருளை ஓட்டி இறுக்குங்கள். வாளியால் தட்டிவிட்ட கரை முதல் மழையிலேயே கொத்துக் கொத்தாக உள்ளே வரும். வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பதும் அதே கதி; குறைந்தது 3 மீட்டர் தள்ளி. சீமைக்கருவேலத்தை வனத்துறை மதிப்பு போட்டு ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் விறகை வெட்டிக்கொண்டு தூரை விட்டுவிட்டுப் போவார், அது அடுத்த மழையில் தழைத்துவிடும். தூரோடு பிடுங்க வேண்டும் என்பது ஏல நிபந்தனையிலேயே எழுதியிருக்க வேண்டும்.

இனி வாய்க்கால். 10 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் 50 மி.மீ. மழை பெய்தால் விழுவது 5,000 கன மீட்டர். புதர் மண்டிய செம்மண் காட்டில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவந்தால் 1,000. அப்படி நாலைந்து மழை வந்தால்தான் நம் ஊருணி நிரம்பும். நடுவே ஒரு சாலை பாதி நீர்ப்பிடிப்பைத் துண்டித்தால் ஒன்பது மழை வேண்டும். அவ்வளவு எங்கே பெய்கிறது? ஆகவே வாய்க்காலை ஊருணியிலிருந்து மேலே அது தொடங்கும் தலைப்பு வரைக்கும் நடந்தே பாருங்கள், டியூப் லெவலும் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) ஸ்கேலும் எடுத்துக்கொண்டு. சாலைக் குழாய்ப் பாலங்களில்தான் கோளாறு. சிமென்ட் ரோடு போடும்போது பழைய பாலத்தை எடுத்துவிட்டு, குழாயை வாய்க்கால் தரையைவிட ஒரு அடி உயரத்தில் வைத்திருப்பார்கள். மேல்பக்கம் குளம் போலத் தேங்கும், கீழ்ப்பக்கம் காய்ந்து கிடக்கும். இதை ஊராட்சி மட்டும் சரிசெய்ய முடியாது. சாலை யாருடையதோ அவர்களிடம் லெவல் அளவுகளோடு மனு கொடுக்க வேண்டும். படம் மட்டும் வைத்தால் ‘ஆய்வு செய்யப்படும்’ என்று பதில் வரும். குழாய் அடிமட்டமும் வாய்க்கால் அடிமட்டமும் இத்தனை செ.மீ. வேறுபாடு என்று எழுதினால் பொறியாளர் வந்து பார்க்காமல் தட்டிக்கழிக்க முடியாது.

ஆக்கிரமிப்புக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7ஆம் பிரிவு அறிவிப்பு, பிறகு 6ஆம் பிரிவில் அகற்றல். சர்வேயர் கல் நடாமல் அறிவிப்பு கொடுத்தால் நீதிமன்றத்தில் நிற்காது. வீட்டுச் சாக்கடை வாய்க்காலில் விழும் இடங்களில் முதலில் உறிஞ்சுகுழி, பிறகுதான் வாய்க்கால் வேலை. இல்லாவிட்டால் தூர்வாரிய ஊருணியில் ஆகாயத்தாமரைதான் விளையும். வாய்க்கால் ஊருணியில் இறங்கும் இடத்தில் 3-க்கு 2 மீட்டர், 1 மீட்டர் ஆழத்தில் ஒரு வண்டல் தொட்டியும் இறங்கும் சரிவில் கல் பதிப்பும் வைத்துவிடுங்கள். முதல் பெரிய மழை முடிந்ததும் அந்தத் தொட்டியை அள்ளியாக வேண்டும்.

கடைசியாக அளவெடுப்பு. தோண்டும்போதே பழைய தரைமட்டம் தெரியும்படி அங்கங்கே மண் திட்டுகளை வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும். பொறியாளர் வந்து அளந்து எம் புக்கில் ஏற்றிய பிறகே அவற்றைக் கரைக்கலாம். அழகுக்காக முன்னமே சமப்படுத்திவிட்டாலோ, அளப்பதற்குள் மழை நிரப்பிவிட்டாலோ பில் தொங்கும். செப்டம்பர் இரண்டாவது வாரத்துக்குள் அளவெடுப்பை முடித்துவிட வேண்டும். கரையில் பனங்கொட்டை நடுவதற்கும் அதுதான் சமயம்: பத்தடி இடைவெளி, ஓரடிக் குழி, கரையின் வெளிச்சரிவில். உட்சரிவில் நட்டால் அடுத்த தூர்வாரலில் பொக்லைனுக்கு வழியில்லை.